சட்டத்தோடு இன்னொரு பாடம்: எமது பிள்ளைக்கு எது பொருந்தும்?

ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில் ஏ லெவல் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் லண்டனில் வாழும் எம்மவர் வீடுகளில் தொலைபேசிக்கு ஓய்வில்லை. ஈஸ்ற்ஹாமில் இருந்து ஹரோவுக்கும் ரூட்டிங்கில் இருந்து குறோய்டனுக்கும் ஒரே கேள்விதான் போய் வரும்: "பிள்ளைக்கு என்ன கிடைச்சது?" மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று பதில்களோடு இப்போது சட்டமும் சேர்ந்துகொண்டுள்ளது. அதுவும் தனிச் சட்டமாக இல்லாமல் சட்டமும் அரசியலும், சட்டத்தோடு வணிகம், சட்டத்தோடு பிரெஞ்சுச் சட்டம் என்று பலவிதமாகச் சொல்லப்படுகிறது.

இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு இவை குழப்பத்தையே தருகின்றன. இரண்டு பாடம் படித்தால் இரண்டு பட்டம் கிடைக்குமா? தனிச் சட்டம் படித்தவரைவிட இவருக்கு மதிப்புக் கூடவா, குறைவா? நான்கு வருடம் படித்தால் கடனும் நான்கு வருடத்துக்கா? இக்கேள்விகளுக்கு இயன்றளவு தெளிவாகப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொல்லவேண்டியதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நாட்டில் சட்டத்தொழிலுக்குப் போகும் கதவு ஒன்றல்ல, பல. ஆகவே இரண்டாவது பாடத்தை அழகான பெயருக்காகத் தெரிவு செய்யக்கூடாது. பிள்ளைக்கு அதில் உண்மையான விருப்பம் இருக்கவேண்டும். அந்தப் படிப்பின் காலமும் செலவும் குடும்பத்தின் விசா நிலைக்குப் பொருந்தவும் வேண்டும்.

அங்கே ஒரு முறை, இங்கே வேறு முறை

ஊரில் எமது மூத்தவர்களுக்குப் புரொக்டர், அட்வகேட் என்ற இரண்டு சொற்களும் நன்கு தெரியும். காணி உறுதி எழுதவும் வழக்குக்கான வேலைகளைத் தொடங்கவும் புரொக்டரிடம் போவோம். மேல் நீதிமன்றங்களில் எழுந்து நின்று வாதாடுபவர் அட்வகேட். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இந்த இரண்டு பிரிவையும் ஒன்றாக்கியது. அதன் பின் இலங்கையில் எல்லோரும் சட்டத்தரணிகளே.

பிரித்தானியாவில் அந்தப் பழைய பிரிவு இன்றும் இருக்கிறது. கட்சிக்காரரை நேரில் சந்தித்து, கடிதம் எழுதி, வழக்கைத் தயார் செய்பவர் சொலிசிற்றர். நீதிமன்றத்தில் வாதாடுவதையே முதன்மையாகக் கொண்டவர் பாரிஸ்டர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டுக்கும் போகும் வழிகள் வேறு வேறு. பிள்ளை எந்த வழியில் போக விரும்புகிறது என்பதைப் பொறுத்தே இரட்டைப்பாடப் பட்டத்தின் பெறுமதியும் அமையும்.

சொலிசிற்றர் வழி 2021 செப்டெம்பரில் பெரிதாக மாறியது. அன்றிலிருந்து எஸ்.கியூ.ஈ. என்ற பொதுப் பரீட்சை நடைமுறையில் உள்ளது. எந்தப் பாடத்திலாவது ஒரு பட்டமோ அதற்குச் சமமான தகுதியோ வேண்டும். பரீட்சையின் இரண்டு கட்டங்களிலும் சித்தியடைய வேண்டும். இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். அதை ஒரே நிறுவனத்தில் பெறவேண்டும் என்றில்லை, நான்கு இடங்கள் வரை சேர்த்துக் கணக்கிடலாம். இலவச சட்ட ஆலோசனை நிலையத்தில் செய்யும் வேலையும், தகுதியுள்ள சொலிசிற்றர் உறுதிப்படுத்தினால், இதில் சேரும். நன்னடத்தையும் ஆராயப்படும். இரண்டு கட்டப் பரீட்சைகளின் கட்டணம் மட்டும் சேர்த்து ஏறத்தாழ 5,000 பவுண்கள் வரும். ஆயத்த வகுப்புகளுக்கு வேறாகக் கட்டவேண்டும்.

பாரிஸ்டர் வழி இன்னும் பழைய முறைக்கு நெருக்கமானது. ஒப்பந்தம், குற்றவியல், தீங்கியல், காணி, அரசியலமைப்பும் நிர்வாகமும், நம்பிக்கைப் பொறுப்பு, ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் என்னும் ஏழு அடிப்படைப் பாடங்களைப் பட்டத்திலேயே படித்திருக்கவேண்டும். அல்லது வேறு பட்டம் பெற்ற பின் ஒரு வருட மாற்றுப் படிப்பில் அவற்றைப் படிக்கவேண்டும். அதன் பின் பாரிஸ்டர் பயிற்சிநெறி. பிறகு ஒரு வருடம் மூத்த பாரிஸ்டர் ஒருவரின் கீழ்ப் பயிற்சி. லிங்கன்ஸ் இன், கிரேய்ஸ் இன், இன்னர் ரெம்பிள், மிடில் ரெம்பிள் என்ற நான்கு சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்கவேண்டும். பயிற்சி இடங்களுக்குப் போட்டி மிகக் கடுமை. ஆயினும் இந்த நான்கு சங்கங்களும் ஆண்டுதோறும் பெருந்தொகைப் பணத்தைப் புலமைப்பரிசில்களாகக் கொடுக்கின்றன. வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த வழியைக் கைவிடவேண்டியதில்லை.

எமக்குப் புதியதல்ல

சட்டத்தோடு இன்னொரு துறையைப் படிப்பது ஏதோ புது நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். எமது வரலாற்றைப் பார்த்தால் அப்படியில்லை. 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்த தந்தை செல்வநாயகம் முதலில் பெற்றது விஞ்ஞானப் பட்டம். அதுவும் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம். ஆசிரியராக வேலை செய்தபடியே சட்டம் படித்து, பின்னர் சிவில் வழக்குகளில் பெயர்பெற்ற அட்வகேட்டாக விளங்கினார். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தவர். அதன் பின்னரே பாரிஸ்டராகிக் குற்றவியல் வழக்குகளில் புகழ்பெற்றார். இருவரது அரசியலையும் பற்றி எம்மவரிடையே பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் வேறொரு துறையைக் கற்ற மூளை சட்டத்துக்கு வரும்போது அது வீணாவதில்லை என்பதற்கு இருவருமே சாட்சி.

லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் 1858இல் தொடங்கியது. ஒருவர் லண்டனுக்கு வராமலே லண்டன் பட்டம் பெறும் வழியை அது திறந்தது. இன்று நாம் அதே நகரத்தில் பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் தூரத்தில் இருக்கிறோம்.

மூன்று வழிகள்

முதலாவது, தனிச் சட்டம். மூன்று வருடத்தில் எல்.எல்.பி. என்னும் சட்டமாணிப் பட்டம். பாரிஸ்டருக்கு வேண்டிய ஏழு பாடங்களும் பொதுவாக இதில் அடங்கிவிடும். பிள்ளைக்குச் சட்டம்தான் என்று முடிவாகத் தெரிந்தால் இது நேர்வழி. இதிலும் விருப்பப்பாடங்கள் உண்டு. அகதிச் சட்டம், மனித உரிமை, தொழிலாளர் சட்டம், குடும்பச் சட்டம் என்று பின் வருடங்களில் தெரிவு செய்யலாம்.

இரண்டாவது, சேர்ந்த பட்டம். இதில் பெயரைக் கவனமாகப் படிக்கவேண்டும். "சட்டமும் அரசியலும்" என்று இருந்தால் இரண்டும் ஏறத்தாழ அரைக்கு அரை. "சட்டம், வணிகத்தோடு" என்று இருந்தால் சட்டம் முதன்மை, மற்றது துணைப்பாடம். முதன்மைப் பாடம் மற்றதாக இருந்து சட்டம் துணைப்பாடமாக வந்தால், ஏழு அடிப்படைப் பாடங்களும் அதில் இல்லாமல் போகக்கூடும். பட்டத்தின் பெயர் எல்.எல்.பி.யா, கலைமாணியா என்பதையும் பாருங்கள். கலைமாணி என்றால் கட்டாயம் குறைவு என்றில்லை. ஆனால் ஏழு பாடங்களையும் பற்றிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கவேண்டும்.

மூன்றாவது, முதலில் வேறொரு பட்டம், பின்னர் சட்டம். வரலாறு, இரசாயனம், பொறியியல், தமிழ், எதுவாகவும் இருக்கலாம். அதன் பின் ஒரு வருட மாற்றுப் படிப்பு. சொலிசிற்றருக்கு 2021இன் பின் இந்த மாற்றுப் படிப்பு விதிப்படி கட்டாயமில்லை. இருந்தும் பல பெரிய நிறுவனங்கள் அதை எதிர்பார்க்கின்றன, படிக்காமல் எஸ்.கியூ.ஈ. எழுதுவதும் எளிதல்ல. பாரிஸ்டருக்கோ கட்டாயம். இங்குள்ள சொலிசிற்றர்களில் வேறு பாடம் படித்து வந்தவர்கள் ஏராளம் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. வரலாறு படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் "அப்படியென்றால் லோயராக முடியாது" என்று சொல்வது உண்மையல்ல.

லண்டனில் என்னென்ன உண்டு

கிங்ஸ் கல்லூரியில் ஆங்கிலச் சட்டமும் பிரெஞ்சுச் சட்டமும் சேர்ந்த படிப்பு உண்டு. நான்கு வருடத்தில் இரண்டு வருடம் லண்டனிலும் இரண்டு வருடம் பாரிசில் சோர்போன் என எல்லோரும் அறிந்த முதலாம் பாரிஸ் பல்கலைக்கழகத்திலும் படிக்கவேண்டும். இரு நாட்டுத் தகைமையும் கிடைக்கும். அதே கல்லூரியில் அரசியல், மெய்யியல், சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த நான்கு வருட எல்.எல்.பி.யும் உண்டு.

யூ.சி.எல். என்று அழைக்கப்படும் யூனிவர்சிற்றி கல்லூரியில் பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியச் சட்டங்களோடு சேர்ந்த நான்கு வருடப் படிப்புகள் உள்ளன. மூன்றாம் வருடம் அந்த மொழி பேசும் நாட்டில் கழியும். கிங்ஸின் பிரெஞ்சுப் படிப்போடு ஒப்பிட்டால் வெளிநாட்டில் இருக்கும் காலம் பாதி. பின்னால் சொல்லப்போகும் விசா விடயத்தில் இந்த வித்தியாசம் பெரியது.

மைல் எண்டில் உள்ள குயீன் மேரியில் சட்டமும் அரசியலும் சேர்ந்த பட்டம் மூன்று வருடம். வணிகத்தோடு சேர்ந்த சட்டப் படிப்பும் உண்டு. கிழக்கு லண்டனில் வாழும் குடும்பங்களுக்கு வீட்டில் இருந்தே போய்வர வசதி. மேற்பார்வையின் கீழ் மாணவர்களே பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை சொல்லும் நிலையமும் அங்கு இயங்குகிறது. முன்பு சொன்ன இரண்டு வருட அனுபவத்தைப் பற்றி யோசிப்பவர்கள் இப்படியான நிலையம் எங்கெங்கே உண்டு என்று விசாரித்து வைக்கவேண்டும்.

எல்.எஸ்.ஈ.யின் எல்.எல்.பி. மூன்று வருடத் தனிச் சட்டம். ஆயினும் சமூக விஞ்ஞானங்களுக்கு நடுவே நின்று சட்டத்தைப் பார்க்கும் மரபு அங்கு உண்டு. சோவாஸ் கல்லூரியின் சட்டப் பிரிவு ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் சட்டங்களில் சிறப்புப் பெற்றது. எமது பிராந்தியத்தின் சட்டங்களையும் மனித உரிமைகளையும் ஆராய விரும்பும் பிள்ளை பார்க்கவேண்டிய இடம் அது.

வேலை செய்துகொண்டு படிக்க விரும்பும் பெரியவர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. பேர்க்பெக் கல்லூரியின் விரிவுரைகள் மாலை வேளைகளில் நடப்பவை. திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை வீட்டில் இருந்தே படிக்கலாம். கடையிலோ பராமரிப்பு இல்லத்திலோ வேலை செய்யும் தாய் தகப்பனுக்கும் இவை எட்டாதவையல்ல.

லண்டனுக்கு வெளியே போக முடியுமானால் ஒக்ஸ்போர்ட்டில் ஐரோப்பிய நாடொன்றில் ஒரு வருடம் கழிக்கும் நான்கு வருடச் சட்டப் படிப்பு உண்டு. கேம்பிரிட்ஜில் ஒரு பாடத்தில் தொடங்கி இடையில் சட்டத்துக்கு மாறும் வசதி இன்றும் இருக்கிறது. குற்றவியல் ஆய்வு, சமூகவியல், கணக்கியல், உளவியல் ஆகியவற்றோடு சட்டத்தைச் சேர்க்கும் படிப்புகள் நாடெங்கும் உள்ளன. நுழைவுப் புள்ளிகள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

இன்னொரு குறிப்பு. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், கிங்ஸ், யூ.சி.எல்., எல்.எஸ்.ஈ. ஆகியவை எல்நாட் என்னும் தனிப் பரீட்சையையும் கேட்கின்றன. இரண்டேகால் மணித்தியாலம், 42 தெரிவு வினாக்கள், ஒரு கட்டுரை. சட்ட அறிவை அது சோதிப்பதில்லை, வாசித்து விளங்கும் ஆற்றலையே சோதிக்கிறது. பரீட்சைக் கட்டணம் கட்ட வசதியில்லாதோருக்குச் சலுகை உண்டு. ஏ லெவலில் சட்டம் எடுத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இந்த இடங்களில் இல்லை.

எந்தத் துணைப்பாடம் எதற்கு உதவும்

எம்மவரின் வழக்குகளே இதற்கு நல்ல பாடம். 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சிவகுமாரன் வழக்கு எமது ஆறு இளைஞர்கள் சம்பந்தப்பட்டது. ஒருவர் உண்மையாகப் பயப்படுவது போதுமா, அல்லது அந்தப் பயத்துக்குப் புறநிலையான காரணமும் வேண்டுமா என்பதே கேள்வி. காரணமும் வேண்டும், துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான சாத்தியம் இருப்பதைக் காட்டவேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். தீர்ப்பு எமக்குச் சாதகமாக அமையவில்லை. ஆயினும் அதன் பின் இந்த நாட்டு அகதி வழக்குகள் எல்லாவற்றிலும் அந்த அளவுகோல் பேசப்பட்டது. ஒரு நாட்டின் நிலைமையை ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லும் திறமை அன்றிலிருந்து சட்டத்தின் மையமாகிவிட்டது. 2013இலும் 2021இலும் இலங்கை பற்றி மேல் தீர்ப்பாயம் வழங்கிய வழிகாட்டித் தீர்ப்புகளில் ஆய்வாளர்களின் சாட்சியங்களும் அறிக்கைகளும் பக்கம் பக்கமாக ஆராயப்பட்டன. அரசியலையோ சர்வதேச உறவுகளையோ சட்டத்தோடு படித்த ஒருவருக்கு அந்த வேலை எளிதாகும்.

2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கே.வி. வழக்கு மருத்துவத்தைப் பற்றியது. உடம்பில் சூடுபட்ட தழும்புகளோடு வந்த தமிழர் ஒருவர், தம்மைச் சித்திரவதை செய்தார்கள் என்றார். அவர் வேறொருவரைக் கொண்டு தாமே சுடச்செய்திருக்கலாம் என்று கீழ்த் தீர்ப்பாயம் சந்தேகப்பட்டது. தழும்பு சொல்லப்பட்ட கதையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்றும், அப்படித் தாமே செய்வித்துக்கொள்வது மிக மிக அரிது என்றும் உச்ச நீதிமன்றம் கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பியது. அந்த வழக்கில் சட்டமும் மருத்துவ அறிவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. உயிரியல் படித்துப் பின்னர் சட்டத்துக்கு வரும் பிள்ளை நேரத்தை வீணாக்கியதாக நினைக்கவேண்டாம்.

வணிகமும் கணக்கியலும் வேறு வகையில் பயன்படும். எம்மவரில் பலர் கடையோ உணவகமோ பெற்றோல் நிலையமோ நடத்துகிறார்கள். குத்தகை ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வசனத்தை விளங்காமல் கையெழுத்திட்டுப் பல வருட உழைப்பை இழக்க நேரலாம். இந்தத் துறையில் வேலை வாய்ப்பும் வருமானமும் கூட. ஆனால் பிள்ளைக்குக் கணக்கில் விருப்பமில்லை என்றால் இதைத் திணிப்பதால் இரண்டு பாடத்திலும் புள்ளி குறையும். நிறுவனங்கள் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவா என்றுதான் பார்க்கின்றன.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சிலும் ஜேர்மனியிலும் சுவிசிலும் சில காலம் வாழ்ந்துவிட்டு லண்டனுக்கு வந்த குடும்பங்கள் எம்மிடையே பல. அங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளையின் பிரெஞ்சையும் ஜேர்மனையும் இங்கு வந்ததும் மறக்கவிட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் பின்தங்கிவிடும் என்ற பயமே காரணம். ஆனால் இங்கு பிறந்த பிள்ளைகள் ஏ லெவல் வரை பாடுபட்டுப் படிக்கும் மொழி அந்தப் பிள்ளையின் நாவிலேயே இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டத்தோடு சேர்ந்த படிப்புக்கு அதைவிடப் பெரிய முதல் வேறில்லை. அந்த மொழியை ஏ லெவல் பாடமாகவும் எடுக்கச் சொல்லுங்கள்.

கட்டணமும் கையில் உள்ள கடிதமும்

இங்கிலாந்தில் 2025–26 கல்வியாண்டில் உள்நாட்டு மாணவருக்கான உச்சக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்கள். அந்தக் கணக்கில் மூன்று வருடத்துக்கு 28,605. நான்கு வருடமும் இங்கேயே என்றால் 38,140. முழு வருடமும் வெளிநாட்டில் படிக்கும் வருடத்துக்கு உச்சக் கட்டணத்தின் 15 வீதத்துக்கு மேல் அறவிட முடியாது. அந்த ஆண்டில் வாழ்க்கைச் செலவுக் கடன், பெற்றோருடன் வசிப்பவருக்கு 8,877 பவுண்கள் வரையும், லண்டனில் தனியே வசிப்பவருக்கு 13,762 பவுண்கள் வரையும். வீட்டு வருமானம் குறைந்தால் கடன் தொகை கூடும்.

2023 ஓகஸ்டுக்குப் பின் படிக்கத் தொடங்கியவர்கள் வருட வருமானம் 25,000 பவுண்களைத் தாண்டிய பின்னரே கட்டத் தொடங்குவர். தாண்டிய தொகையில் 9 வீதம் மட்டும். 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. ஊரில் வட்டிக்கு வாங்கும் கடனைப் போல இதைக் கண்டு நடுங்கவேண்டியதில்லை. பெற்றோரின் வீட்டையோ நகையையோ யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் இவை எல்லாம் யாருக்கு? இங்கேதான் கையில் உள்ள ஹோம் ஒபிஸ் கடிதம் முக்கியமாகிறது. அகதி அந்தஸ்து பெற்றவர்களும் அவர்களின் கணவன், மனைவி, பிள்ளைகளும் மூன்று வருடம் காத்திருக்காமலே உள்நாட்டுக் கட்டணத்துக்கும் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு கிடைக்காதவர்களுக்குக் கடன் இல்லை. பொதுவாக வெளிநாட்டுக் கட்டணமே கேட்பார்கள். அவர்களுக்கென்று சில பல்கலைக்கழகங்கள் புகலிடப் புலமைப்பரிசில்கள் வழங்குகின்றன. இடங்கள் மிகச் சில. விண்ணப்பத் திகதிகள் முன்கூட்டியே முடிந்துவிடும்.

வேறு வகையான தற்காலிக அனுமதி உள்ளவர்களுக்கு நீண்டகால வதிவு விதி உண்டு. இதுவும் ஒரு வழக்கால் வந்தது. ஆறு வயதில் ஸாம்பியாவில் இருந்து வந்து இங்கேயே படித்து வளர்ந்த மாணவி ஒருவர், கடன் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2015இல் வென்றார். அதன் பின் 18 வயதுக்கு உட்பட்டவர் 7 வருடம் இங்கு வாழ்ந்திருந்தாலும், 18 வயதான பின் என்றால் வாழ்நாளில் பாதியோ 20 வருடமோ வாழ்ந்திருந்தாலும், அத்துடன் படிப்புத் தொடங்குமுன் கடைசி மூன்று வருடம் சட்டபூர்வமாக வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று விதி மாறியது. குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் வருடத்தின் விதியைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வெளிநாட்டு வருடம் உள்ள படிப்புகளில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. அகதிப் பிரயாணப் பத்திரம் வைத்திருப்பவர் பிரான்சில் படிக்க விசா எடுக்கவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அடுத்தது பிரஜாவுரிமை. வழமையான ஐந்து வருட வழியில் விண்ணப்பிப்பவர் அந்த ஐந்து வருடத்தில் 450 நாட்களுக்கு மேலும், கடைசி 12 மாதத்தில் 90 நாட்களுக்கு மேலும் நாட்டுக்கு வெளியே இருக்கக்கூடாது என்பது பொது விதி. பாரிசில் இரண்டு வருடம் என்றால் இந்தக் கணக்கு உடையக்கூடும். பிரித்தானியப் பிரஜையான பிள்ளைக்குக் குடிவரவு விதிப்படி இந்தத் தடை இல்லை. மற்றவர்கள் படிப்பைத் தெரிவு செய்யுமுன் தகுதியுள்ள குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கேட்பது அவசியம்.

மூன்றாவது வழியைத் தெரிவு செய்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். ஒரு பட்டத்துக்குக் கடன் பெற்ற பின் இரண்டாவது எல்.எல்.பி.க்குப் பொதுவாகக் கடன் கிடைக்காது. ஆனால் மாற்றுப் படிப்பு முதுமாணிப் பட்டமாக அமைந்திருந்தால் முதுமாணிக் கடன் கிடைக்கும். அது ஒரு முறைதான். அதை மாற்றுப் படிப்புக்குச் செலவழித்தால் பின்னர் வேறொரு முதுமாணிக்கு இல்லை.

கட்டணமே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. ஏ லெவல் முடித்தவர் சொலிசிற்றர் அலுவலகத்தில் சம்பளத்தோடு சேர்ந்து, வழமையாக ஆறு வருடத்தில் வேலையும் படிப்புமாகச் சொலிசிற்றராகும் பயிலுநர் திட்டம் அது. பல இடங்களில் பட்டமும் கூடவே கிடைக்கும். "பிள்ளை யூனிவர்சிற்றிக்குப் போகவில்லையா?" என்று சனம் கேட்கும் என்ற வெட்கத்தால் இதைத் தள்ளிவிடாதீர்கள்.

ஊரில் ஏற்கெனவே சட்டத்தரணியாக இருந்து இங்கே வந்து வேறு வேலை செய்பவர்களுக்கும் கதவு மூடப்படவில்லை. வெளிநாட்டில் தகுதிபெற்ற சட்டத்தரணி எஸ்.கியூ.ஈ. எழுதலாம், அந்த இரண்டு வருட அனுபவம் அவரிடம் கேட்கப்படுவதில்லை.

பல்கலைக்கழகத் திறந்த நாளில் கேட்கவேண்டியவை

பல்கலைக்கழகங்கள் வருடத்தில் சில நாட்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் சுற்றிக்காட்டுகின்றன. கூடப் போங்கள். ஆங்கிலம் வராது என்று பின்னிற்கவேண்டாம், பிள்ளை மொழிபெயர்க்கும். கீழ்வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.

1. இந்தப் பட்டத்தில் பாரிஸ்டருக்குரிய ஏழு அடிப்படைப் பாடங்களும் அடங்குமா? சில விருப்பப்பாடங்களை எடுத்தால் மட்டும் அடங்குமா?

2. சட்டம் எத்தனை பங்கு, மற்றப் பாடம் எத்தனை பங்கு?

3. முதல் வருடத்தின் பின் தனிச் சட்டத்துக்கோ மற்றப் பாடத்துக்கோ மாற முடியுமா?

4. மூன்று வருடமா, நான்கு வருடமா? வெளிநாட்டில் எத்தனை மாதம்?

5. மாணவர்கள் ஆலோசனை சொல்லும் நிலையம் உண்டா? அங்கே செய்யும் வேலையை எஸ்.கியூ.ஈ. அனுபவமாக உறுதிப்படுத்துவார்களா?

6. எமது விசா நிலைக்கு எந்தக் கட்டணம்? புகலிடப் புலமைப்பரிசில் உண்டா?

யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் உண்டு. ஒக்ஸ்போர்ட்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒக்டோபர் 15 கடைசி நாள்; இவை இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். மற்றவற்றுக்கு ஜனவரி. ஐந்தையும் ஒரே வகைப் படிப்பாக நிரப்பத் தேவையில்லை. மூன்றில் சேர்ந்த பட்டமும் இரண்டில் தனிச் சட்டமும் போடலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

நாம் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் சட்டத்தின் கையில்தான் இருந்து வருகிறோம். நேர்முகம், நிராகரிப்புக் கடிதம், மேன்முறையீடு, மொழிபெயர்ப்பாளர், நீதிபதி என்று எமது குடும்பங்கள் பார்த்த அலுவலகங்கள் எத்தனை! அந்தக் கடிதங்களை முதன்முதல் வாசித்து விளங்கப்படுத்தியது பல வீடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான். அதனால் தன் பிள்ளை சட்டம் படிக்கவேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எமது வழக்கின் வேதனைக்கு ஈடு செய்யும் கடமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.

சட்டப் பட்டம் வேலைக்கு உத்தரவாதமல்ல. தொழிலுக்குள் நுழைய வருடங்கள் எடுக்கும். விருப்பமில்லாமல் படிப்பவர் அந்த வருடங்களைத் தாங்கமாட்டார். மாறாக, அரசியலையோ மொழியையோ விஞ்ஞானத்தையோ விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு இந்த நாட்டில் சட்டத்தின் கதவு பின்னரும் திறந்தே இருக்கும். எனவே முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்: "உனக்கு எதை வாசிக்க விருப்பம்?" அதன் பின் ஏழு பாடங்களையும் வருடங்களையும் கையில் உள்ள கடிதத்தையும் சேர்ந்து இருந்து பாருங்கள். இந்தப் பத்திரிகையைப் பிள்ளையின் கையிலும் கொடுங்கள். தமிழ் வாசிக்கச் சிரமப்பட்டால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.